தகட்டின் பின்பக்கம்: ரிப்செஸ்டர் ரோமானியப் புதையல்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில், ரிபிள் ஆற்றங்கரையில் ரிப்செஸ்டர் என்று ஒரு சிற்றூர். ரோமானியர் காலத்தில் அங்கே ஒரு குதிரைப்படைக் கோட்டை இருந்தது. அன்று அதற்குப் 'பிரெமெட்டென்னாக்கும்' என்று பெயர். 1796-ஆம் ஆண்டு கோடைக் காலத்தில், அந்த ஊரில் கட்டைச் செருப்பு செய்து பிழைத்த ஜோசப் வால்டன் என்பவரின் மகன், தேவாலயத்துக்குப் போகும் பாதையோரப் புறம்போக்கில், ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆழத்தில் உலோகப் பொருள்கள் குவிந்து கிடப்பதைக் கண்டான். மனித முகம் போலவே செய்த முகமூடியோடு கூடிய ஒரு தலைக்கவசம் அதில் இருந்தது. கைப்பிடி வைத்த வட்டில்கள், ஒரு கலசத்தின் துண்டுகள், மினர்வா தேவியின் மார்பளவு உருவம், இரண்டு அகன்ற பாத்திரங்களின் சிதறல்கள், வட்டமான பல தட்டுகள் ஆகியவையும் கூடவே கிடைத்தன. எல்லாவற்றையும் மணல் மூடியிருந்தது. அதனால்தான் அவை அந்த அளவுக்காவது பிழைத்தன.

அவற்றை வால்டனிடமிருந்து வாங்கியவர் அந்த வட்டாரத்துப் பெருநிலக்கிழாரும் புகழ்பெற்ற பழம்பொருள் சேகரிப்பாளருமான சார்ல்ஸ் டவுன்லி. லண்டன் பழம்பொருள் கழகத்தின் செயலர் ஜான் பிராண்டுக்கு அவர் இந்தப் பொருள்களைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். செப்புத்தகட்டு ஓவியங்களோடு அது அச்சானது. பல பொருள்களை அவர் சமயச் சடங்குக்கு உரியவை என்று கருதினார். அவர் மறைந்த பிறகு, 1814-இல் இந்தத் தொகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

டவுன்லி கவனக்குறைவானவர் அல்ல. அவர் வீடு நிறையக் கிரேக்க, ரோமானியப் பளிங்குச் சிலைகள் இருந்தன. கோயில், பலி, தேவதை என்று பழகிய கண்ணுக்கு மினர்வாவின் முகமும் வட்டில்களும் வட்டத் தட்டுகளும் ஒன்றாகக் கிடைத்தால் பூசைச் சாமான்களாகத்தான் தெரியும். ரோமானியக் குதிரைப்படை வீரனின் குதிரை என்னென்ன பூட்டியிருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அன்று அகழ்ந்தெடுத்த பொருள்களும் போதுமான அளவில் இல்லை. தலைக்கவசத்தின் அழகு எல்லார் கண்ணையும் இழுத்துக்கொண்டது. தட்டுகள் துணைப்பொருள்களாக ஓரத்துக்குப் போயின. அந்தத் தட்டுகளில் இருந்துதான் இன்று நாம் தொடங்க வேண்டும்.

அலங்காரம் செய்த ஒரு வட்டத் தட்டு கையில் கிடைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்ணவோ படைக்கவோ வைக்கும் தட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அல்லது தரையில் நிற்க ஓர் அடிவளையம் இருக்கும். குதிரைச் சேணத்தில் பூட்டும் வில்லையின் பின்பக்கத்தில் வார் நுழைய வளையங்கள் இருக்கும். மூன்று வளையங்கள் என்றால் மூன்று வார்கள் கூடும் இடம், நான்கு என்றால் நான்கு. மார்புவாரும் பின்தொடைவாரும் சேணத்திலிருந்து இறங்கும் வாரும் சந்திக்கும் இடங்களில் முடிச்சுக்குப் பதிலாக இந்த வில்லைகளே எல்லா வார்களையும் பிடித்து நிறுத்தின. வளையத்தின் உள் அகலத்தை அளந்தால் வாரின் அகலம் தெரிந்துவிடும். வளையத்தின் உள்விளிம்பு ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தால் இழுவிசை எந்தத் திசையில் இருந்தது என்பதும் தெரியும். அந்தத் தேய்மானம் பொருள் உண்மையிலேயே குதிரைமேல் ஏறி ஓடியதற்குச் சாட்சி. சில வில்லைகளின் கீழ்விளிம்பில் ஒரு சிறு கீலும் இருக்கும். அதில் பிறை வடிவத்திலோ மூவிலை வடிவத்திலோ ஒரு தொங்கட்டான் ஆடும். தொங்கட்டான் தனியாகக் கழன்று கிடைத்தால் அதைக் கழுத்தணி என்று எடுத்துவைத்துவிடுவது பழைய சேகரிப்புகளில் சாதாரணம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீரச் செயலுக்காக ரோமானியப் படைவீரன் பெற்ற விருதுகளும் வட்ட வில்லைகளே. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே பெயர்: ஃபலேரா. கி.பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் மாண்ட மார்க்கஸ் கேலியஸ் என்ற நூற்றுவர் தலைவனின் நினைவுக்கல் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் மார்பில் வார்களின்மேல் இந்த வில்லைகள் வரிசையாகத் தெரிகின்றன. 1858-இல் ரைன் பகுதியில் லாவர்ஸ்ஃபோர்ட் என்ற இடத்தில் கிடைத்த வெள்ளி வேலைப்பாட்டு வில்லைகளும் இப்படிப்பட்ட விருதுகள்தாம். டைட்டஸ் ஃபிளேவியஸ் ஃபெஸ்டஸ் என்ற பெயர் அவற்றில் பொறித்திருக்கிறது. ஜெர்மனியின் சாண்டெனில் கிடைத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள வில்லைகளோ குதிரைக்கு உரியவை. அவற்றில் ஒன்றில் குதிரைப்படைத் தலைவன் பிளினி என்று புள்ளிப் புள்ளியாகப் பொறித்திருக்கிறது. பிற்காலத்தில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்விட்ட அதே மூத்த பிளினியைத்தான் அது குறிக்கிறது என்பது பலரும் ஏற்ற கருத்து. முன்பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்து மார்பு வில்லை, குதிரை வில்லை என்று பிரிக்க முடியாது. தேவதை முகமோ பேரரசரின் முகமோ இரண்டிலும் வரலாம். பின்பக்கத்துப் பூட்டும் அமைப்பும் கூடக் கிடைத்த தொங்கட்டான்களும்தான் தீர்ப்புச் சொல்லும்.

அடுத்து, மேற்பூச்சு. பழைய பட்டியல்களில் 'வெள்ளி முலாம்' என்று எழுதியிருப்பதில் ஒரு பகுதி வெள்ளியே அல்ல. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே வேலைதான். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சூடாக்கிய பித்தளைத் தகட்டின்மேல் துடைத்தெடுத்தால் வெள்ளிபோல் மின்னும். செலவும் குறைவு. எக்ஸ்ரே ஒளிர்வு கருவியை வைத்தால் வெள்ளீயமா வெள்ளியா என்பது சில நிமிடங்களில் தெரியும். பொன் பூச்சில் பாதரசத்தின் தடயம் இருந்தால் பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். வில்லைகளில் திராட்சைக் கொடிபோல் ஓடும் கறுப்புக் கோடுகள் நியெல்லோ எனப்படும் கந்தக உலோகக் கலவை. பழைய காலத்தில் துப்புரவு செய்தவர்கள் அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டியதும் உண்டு. ஆகையால் வெறும் பள்ளக் கோடு தெரிந்தால் அதன் அடியில் கறுப்பு மிச்சம் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத்தான் 'செதுக்கு வேலை' என்று எழுத வேண்டும்.

ஆனால் எக்ஸ்ரே ஒளிர்வு கருவி தகட்டின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து போயிருக்கும், வெள்ளீயம் தங்கி மிகுந்திருக்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் பித்தளையை வெண்கலம் என்று எழுதிவிடுவோம். வெளியில் தெரியாத ஓரத்தில் ஊசிமுனை அளவு களிம்பை நீக்கி, அசல் உலோகம் தெரியும் இடத்தில் அளக்க வேண்டும். இந்த வேறுபாடு முக்கியமானது. ரோமானியப் படைச் சாமான்களில் பித்தளை நிறைய இடம்பெற்றது. செம்புத் துண்டுகளையும் துத்தநாகத் தாதுவையும் கரியையும் மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றி அதைச் செய்தார்கள். பழைய பித்தளையை மறுபடி உருக்கும்போது துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். துத்தநாகம் குறைந்து வெள்ளீயம் கலந்த உலோகத்தைக் கண்டால் பழைய சாமானை உருக்கிச் செய்தது என்று ஊகிக்க இடம் உண்டு.

இனி தலைக்கவசத்துக்கு வருவோம். உயரம் 276 மில்லிமீட்டர், எடை 1.3 கிலோகிராம். மீசை தாடி இல்லாத இளமுகம். கண்ணுக்கும் மூக்குக்கும் திறப்பு இருக்கிறது. கவசத்தின் உச்சிக் கிண்ணத்தைச் சுற்றிக் குதிரை வீரர்களும் காலாட்களும் மோதும் காட்சி புடைப்பு வேலையாக இருக்கிறது. இந்த வேலையில் தகட்டின் பின்புறம் அரக்கு போன்ற மெத்தென்ற பொருளை நிரப்பி, முன்னும் பின்னுமாக உளியால் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். தட்டத் தட்டத் தகடு இறுகும். இடையிடையே மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்காவிட்டால், மூக்கு நுனி, முழங்கால் என்று மிக மேலே எழும்பும் இடங்களில் தகடு வெடித்துவிடும். அதனால் புடைப்பு வேலைக் கவசம் எதைப் பார்த்தாலும் மேடுகளின் உச்சியில் விரிசலையும், உள்பக்கத்தில் ஒட்டுத் தகட்டையும் தேட வேண்டும். விரிசல் செய்யும்போதே வந்ததா, பயன்பாட்டில் வந்ததா, மண்ணின் பாரத்தால் வந்ததா என்பதை விளிம்பு காட்டும். விரிசலின் இரு கரையும் பழைய களிம்பால் மூடியிருந்தால் அது மண்ணுக்குள் போகும் முன்பே வந்தது. பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் அண்மைக் காலத்துச் சேதம்.

ரிப்செஸ்டர் தொகுதியில் ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்கு வரவே இல்லை. வெண்கலத்தில் செய்த ஸ்பிங்க்ஸ் உருவம் அது, சிங்க உடலும் பெண் முகமும் கொண்டது. வால்டனின் சகோதரர் வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்ததில் தொலைந்துபோனது. தொகுதியை அன்றைக்கே பார்த்த தாமஸ் டன்ஹம் விட்டேக்கர் என்ற வரலாற்றாளர் மட்டும் ஒரு குறிப்பு விட்டுச் சென்றார். உருவத்தின் அடிப்பாகம் வளைந்து தலைக்கவசத்தின் வளைவோடு பொருந்துகிறது, பற்றவைத்த தடமும் இருக்கிறது, ஆகவே இது கவசத்தின் உச்சியில் நின்றிருக்க வேண்டும் என்றார். இரு நூற்றாண்டுக்கு மேல் அது வெறும் ஊகமாகவே கிடந்தது.

2010 மே மாதம் கும்பிரியாவில் கிராஸ்பி காரெட் என்ற ஊருக்கு அருகில் இன்னொரு முகமூடிக் கவசம் கிடைத்தது. 33 பெரிய துண்டுகள், 34 சிறிய துண்டுகள். ஒட்டி நிமிர்த்தியபோது உயரம் 407 மில்லிமீட்டர் வந்தது. தொப்பி போன்ற அதன் உச்சியில் சிங்க உடலும் கழுகுத் தலையும் இறக்கையும் கொண்ட கிரிஃபின் ஒன்று உட்கார்ந்திருந்தது. கவசத்தின் உலோகம் செம்பு 82, துத்தநாகம் 10, வெள்ளீயம் 8 விழுக்காடு. கிரிஃபினில் செம்பு 68, வெள்ளீயம் 18, காரீயம் 10, துத்தநாகம் 4. காரீயம் மிகுந்த கலவை அச்சில் நன்றாகப் பாயும். ஆக, உருவத்தைத் தனியே வார்த்துக் கொண்டுவந்து கவசத்தின்மேல் பொருத்தியிருக்கிறார்கள். தொலைந்த ஸ்பிங்க்ஸைப் பற்றி விட்டேக்கர் சொன்னது இப்போது நன்றாகப் பொருந்துகிறது. வளைந்த அடிப்பாகத்தையும் பற்றுத் தடத்தையும் அவர் எழுதிவைக்காமல் இருந்திருந்தால் இன்று ஒப்பிட நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எந்தத் துண்டையும் பதிவு செய்யும்போது அதன் அழகை விவரிக்கும் நேரத்தில் அதன் அடியை விவரித்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிராஸ்பி காரெட் கவசம் வேறு சில செய்திகளையும் காட்டியது. முகமூடியைத் திறந்து மூடியதால் வந்த தேய்மானம் அதில் இருக்கிறது. கீலின் இரும்பு அச்சு மறைந்து துருப்பொடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டு வெடிப்புகளின் குறுக்கே வெண்கலத் தகடு வைத்துத் தறைந்து பழுதுபார்த்திருக்கிறார்கள். நீண்ட காலம் கையாண்ட சாமான் அது. ஆனால் அன்றைய சட்டப்படி தனித்துக் கிடைத்த செம்புக் கலவைப் பொருள் புதையல் ஆகாது என்பதால், அதே ஆண்டு அக்டோபரில் ஏலத்துக்குப் போய், 22 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய், தனியார் கைக்குச் சென்றது. ஏலத்துக்கு முன்பே ஒட்டி அழகுபடுத்தியும் விட்டார்கள். மடிந்து கிடந்த நிலையில் முழு ஆய்வு நடக்காதது பெரிய இழப்பு. 2023-இல் இங்கிலாந்தில் புதையலுக்கான வரையறையை விரிவாக்கினார்கள்.

இந்த முகமூடிக் கவசங்களை எதற்கு அணிந்தார்கள்? ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 136 வாக்கில், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவை ஆளுநராக ஆண்ட அரியன் குதிரைப்படைப் பயிற்சி விளையாட்டுகளைக் கண்முன் நிறுத்துவதுபோல் எழுதியிருக்கிறார். பதவியில் உயர்ந்தவர்களும் குதிரையேற்றத்தில் தேர்ந்தவர்களும் பொன் பூசிய தலைக்கவசம் அணிவார்கள், அது முகம் முழுவதையும் மூடும், கண் திறந்திருக்கும், மேலே மஞ்சள் குஞ்சம் பறக்கும் என்கிறார். மார்புக் கவசத்துக்குப் பதில் வண்ணச் சட்டை, எடை குறைந்த கேடயம். எறிவது இரும்பு முனை இல்லாத ஈட்டி, ஆனாலும் குதிரையின் நெற்றிக்குக் கவசம் உண்டு. வட இங்கிலாந்தின் வின்டொலாண்டா கோட்டையில் கிடைத்த குதிரை நெற்றிக் கவசங்கள் தோலால் ஆனவை. கண்ணுக்கு நேரே வட்டத் திறப்பு இருக்கிறது, அங்கே துளையிட்ட வெண்கலக் கண்மூடி பொருந்தும். தோல் மக்கிப்போய் அந்தக் கண்மூடி மட்டும் கிடைத்தால் அசல் வடிகட்டி போலவே இருக்கும். சமையல் பாத்திரங்களோடு சேர்த்து வைத்துவிட வேண்டாம். விளிம்பில் ஆணித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

அரியனின் இந்த வருணனையால் முகமூடிக் கவசம் எல்லாமே 'அணிவகுப்புக் கவசம்' என்று முத்திரை பெற்றது. அந்தச் சொல்லை நான் முழுமையாக ஏற்கவில்லை. அரியன் சொல்வது வேகமாக ஓடும் குதிரையிலிருந்து குறிபார்த்து எறியும் கடும் பயிற்சி. அதில் அடி விழும், முகத்தில் படும். ஜெர்மனியில் கால்க்ரீசே போர்க்களத்தில் கிடைத்த இரும்பு முகமூடி இன்னும் கனமான கேள்வியை எழுப்புகிறது. அதன்மேல் போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை யாரோ பிய்த்து எடுத்துக்கொண்டு இரும்பை எறிந்துவிட்டிருக்கிறார்கள். படையோடு மூட்டையில் வந்ததா, முகத்திலேயே இருந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அலங்காரம் இருக்கிறது, ஆகவே போருக்கு உதவாது என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது. தடிமன், கண் திறப்பின் அகலம், கீலின் உறுதி ஆகியவற்றைக் கவசத்துக்குக் கவசம் தனித்தனியே அளந்துதான் முடிவு சொல்ல வேண்டும். மென்முகங்களைப் பார்த்து வீரர்கள் இரு அணியாகப் பிரிந்து அமேசான் பெண்களும் கிரேக்கர்களுமாக வேடமிட்டு மோதினார்கள் என்று சொல்வதுண்டு. அரியன் அப்படி எங்கும் சொல்லவில்லை.

ரிப்செஸ்டர் கவசத்தில் புள்ளிகளால் பொறித்த ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. காரவுஸ் என்ற பெயரின் பகுதி என்று கொள்கிறார்கள். இத்தகைய பொறிப்புகள் பெரும்பாலும் உடையவன் பெயர், அல்லது அவன் சேர்ந்த குதிரைக் குழுவின் தலைவன் பெயர். வேறு இடங்களில் ஒரே பொருளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. சாமான் கை மாறியிருக்கிறது. இதே புள்ளி எழுத்து வீரர்களின் வெண்கல வட்டில்களின் கைப்பிடியிலும் வரும். அங்கேதான் டவுன்லியின் பூசை வட்டில்கள் கோயிலைவிட்டுப் படைவீரனின் சமையலுக்கு நகர்கின்றன. பொறிப்பு மங்கியிருந்தால் விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, பொருளைச் சுற்றி எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். ஒரே திசை ஒளியில் எடுத்த படத்தில் கீறலும் எழுத்தும் ஒன்றாகவே தெரியும்.

இப்போது முழுத் தொகுதியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். தலைக்கவசம், டவுன்லி தட்டுகள் என்று கண்ட குதிரை வில்லைகள், வட்டில்கள். இது கோயில் சொத்து போல் இல்லை, குதிரைப்படையைச் சேர்ந்த ஒருவரோ ஒரு குழுவோ பாதுகாத்த சாமான். 1964-இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் அகழாய்வில் கிடைத்த இரும்புக் கட்டுப் பெட்டி இதற்கு நல்ல துணைச் சான்று. கவசத் தகடுகளும் ஆயுதங்களும் தச்சுக் கருவிகளும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடந்தன. படையில் பெட்டி கட்டுகிறவன் இது அலங்காரம், இது வேலைச் சாமான் என்று பிரித்துக் கட்டவில்லை. 1950-இல் பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங்கில் ஒரு ரோமானியப் பண்ணைவீட்டு அருகே கிடைத்த தொகுதியில் முகமூடிகள், முழந்தாள் கவசங்கள், குதிரை நெற்றிக் கவசங்கள் எல்லாம் சேர்ந்திருந்தன. அங்கே கொள்ளையர் ஒளித்ததா, உடையவரே மறைத்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆகவே புதைத்த காரணத்தைச் சாமானின் வகையை வைத்தே தீர்மானிக்கக் கூடாது. மண் அடுக்கு, பெட்டியின் ஆணி, மரத்தின் தடம் வேண்டும். ரிப்செஸ்டரில் 1796-இல் தோண்டியெடுத்தபோது அவை சரியாகப் பதிவாகவில்லை. மணல் மட்டும் பதிவானது. மணல் நிரப்பிய மரப்பெட்டி இருந்திருக்கலாம் என்பது அதிலிருந்து வந்த கருத்து.

பழைய தொகுதியை மறுபடி ஆராய்கிறவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். முதல் வேலை, பழைய பழுதுபார்ப்பைப் பிரித்தறிவது. 19-ஆம் நூற்றாண்டில் துண்டுகளை அரக்கு, மெழுகு, சாந்து, ஈயப் பற்று வைத்து ஒட்டி, மேலே பச்சை வண்ணம் தீட்டிவிடுவார்கள். எக்ஸ்ரே எடுத்தால் சாந்து நிரப்பிய இடம் வெளிறாமல் கறுப்பாகத் தெரியும், ஈயம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். புதிய ஈயப் பற்றை ரோமானியப் பற்று என்று கொண்டால் ஆய்வு முழுவதும் சாய்ந்துவிடும். இரண்டாவது, களிம்பில் வெளிர்பச்சைப் பொடி தூவியது போல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே தங்கிய குளோரைடு ஈரக்காற்றோடு வினைபுரிந்து உலோகத்தைத் தின்கிறது. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டுப் பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். மூன்றாவது, முதல் ஓவியங்களை விடாமல் ஒப்பிடுங்கள். கண்டெடுத்த காலத்தில் இருந்த விளிம்பும் வளையமும் ஓவியத்தில் இருக்கும், இன்றைய பொருளில் உடைந்து போயிருக்கும்.

லண்டன் போகும் நேயர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அசலைப் பார்க்கலாம். ரிப்செஸ்டர் ஊர் அருங்காட்சியகத்தில் தலைக்கவசத்தின் மாதிரி இருக்கிறது. முகமூடிக்கு எதிரே எப்போதும் கூட்டம் நிற்கும். பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் துண்டுகளுக்கு முன் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள். விளிம்பில் கீலின் அடி தெரிகிறதா, தட்டின் வெள்ளைப் பூச்சு எந்த இடத்தில் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரிகிறது, ஆணித்துளை எத்தனை என்று பாருங்கள். 'அணிவகுப்புத் தலைக்கவசம்' என்று எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டால், அதற்குப் பதிலாக இருக்க வேண்டியது 'குதிரைப்படைத் தலைக்கவசம், குதிரையின் வார் வில்லைகளோடும் வீரனின் வட்டில்களோடும் கிடைத்தது' என்பதுதான் என் கருத்து.

வணக்கம்.